ரியூட்டரி 6475: டப்பாவில் முதலில் தேட வேண்டியது அந்த நான்கு இலக்கங்கள்

ஆட்டிசத்துக்கு உதவும் குடல் பாக்டீரியா என்று யாரோ சொல்லக் கேட்டு, மருந்துக் கடையில் போய் ரியூட்டரி கேட்கிறார்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் டப்பாவிலும் ரியூட்டரி என்றுதான் எழுதியிருக்கும். அங்கேயே முதல் பிசகு நடந்துவிடுகிறது. சுண்டெலிகளின் பழகும் தன்மையை மீட்டது என்று ஆய்விதழ்களில் வந்தது லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி ஏடிசிசி பிடிஏ 6475 என்ற ரகம். கைக்குழந்தையின் வயிற்று வலிக்கென்று விற்கும் சொட்டு மருந்தில் இருப்பதோ டிஎஸ்எம் 17938 என்ற வேறு ரகம். பொன்னியும் நெல்தான், கருப்புக் கவுனியும் நெல்தான். ஒன்றைச் சமைத்துப் பார்த்து மற்றதற்குப் பக்குவம் சொல்ல முடியாது.

இந்த மதிப்பீடு 6475 என்ற ரகத்தைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக்குக் கொடுக்க வாங்குபவருக்கு இது எப்படிப்பட்ட சரக்கு, மாத்திரையாக வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இது எப்படிப்பட்ட சரக்கு என்று இரண்டையும் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்துக்கு, இன்று கையில் கிடைக்கும் குடல் நுண்ணுயிர்ச் சிகிச்சைகளில் மிக ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது இதுதான், நம்பி வேலை தொடங்கலாம். வீட்டுக்கு, இன்னும் நேரம் வரவில்லை.

எண்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஸ்வீடனின் பயோகையா நிறுவனம்தான் இந்த ரகங்களைப் பெரும்பாலும் விற்கிறது. அதன் புரோடெக்டிஸ் வகையில் 17938 மட்டும் இருக்கும். ஐந்து சொட்டுக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா. காஸ்ட்ரஸ் மாத்திரையில் 17938, 6475 இரண்டும் சேர்ந்திருக்கும். புரோடென்டிஸ் வாய்க்கும் ஈறுக்குமானது, அதில் 17938 உடன் 5289 என்ற மூன்றாவது ரகம். ஆஸ்ஃபோர்டிஸ் என்பதில் 6475, வைட்டமின் டி-யோடு சேர்த்து எலும்புக்கென்று வருகிறது. 6475 ஃபின்லாந்துத் தாய் ஒருவரின் தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்தது. 17938 இன் மூலரகம் பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பாலிலிருந்து வந்தது. அந்த மூலரகத்தில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சுமந்த இரண்டு பிளாஸ்மிட்கள் (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையங்கள்) இருந்ததால் அவற்றை நீக்கி 17938 ஆக்கினார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. 2020இல் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைப் பிரித்துப் பெயர் மாற்றியபோது இது லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டரி ஆகிவிட்டது. டப்பாவில் எந்தப் பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றுதான். எண் இல்லாமல் வெறும் "ரியூட்டரி" என்று மட்டும் போட்டிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அதில் எந்த ரகம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

6475க்குப் பெயர் வாங்கித் தந்தது ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மௌரோ கோஸ்டா-மட்டியோலியின் ஆய்வுக்குழு. 2016இல் செல் (Cell) என்ற ஆய்விதழில் வந்த ஆய்வில், பெண் சுண்டெலிகளுக்குக் கருவுறும் முன்னிருந்தே கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பாக வரும் தீவனம் கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகள் பால்குடி மறந்தபின் சாதாரணத் தீவனம்தான் தின்றன, ஆனாலும் மற்ற சுண்டெலிகளோடு பழகுவதில் பின்தங்கின. அவற்றின் குடலில் ரியூட்டரி ஒன்பது மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. சாதாரணக் குட்டிகளோடு ஒரே கூண்டில் வளர்த்தபோது பழகும் தன்மை திரும்பியது. சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்பவை, அந்த வழியாக நுண்ணுயிர்கள் கைமாறுகின்றன. அடுத்து 6475ஐ மட்டும் குடிநீரில் கொடுத்தார்கள். அதுவும் பலித்தது.

இந்த ஆய்வை மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் முடிவைவிட அதைச் சுற்றிப் போட்ட வேலிகள்தாம். சூட்டில் கொன்ற ரியூட்டரியைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. அதே குடும்பத்து லாக்டோபேசில்லஸ் ஜான்சோனியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு 4 வார வயதில் சாதாரணச் சுண்டெலியின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தினால் நடத்தை சரியாகிறது, 8 வார வயதில் செலுத்தினால் சரியாவதில்லை. ஆக, எந்த உயிரி, உயிரோடு வேண்டுமா, எந்த வயதில் என்று மூன்று கேள்விக்கும் ஒரே ஆய்வுத்தாளில் விடை இருக்கிறது. இந்தத் துறையில் இது அரிது.

2019இல் நியூரான் இதழில் அதே குழு ஆட்டிச ஆய்வுக்குப் பயன்படும் இன்னும் மூன்று வகைச் சுண்டெலிகளில் சோதித்தது. ஷாங்க்3பி மரபணு நீக்கியவை, கருவிலேயே வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்துக்கு ஆளானவை, இயல்பாகவே பழகாத பிடிபிஆர் ரகம். மூன்றிலும் பழகும் தன்மை மேம்பட்டது. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 6475 கொடுத்தபின் குடலில் உள்ள மற்ற நுண்ணுயிர்களின் கலவை சரியாகவில்லை. கலவை கெட்டபடியே இருக்க, நடத்தை மட்டும் மாறியது. "குடல் சமநிலையை மீட்டெடுக்கும்" என்று விளம்பரங்களில் வருமே, இந்த ரகத்தின் வேலை அப்படி நடக்கவில்லை. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் பலன் நின்றுவிடுகிறது. மூளையின் டோபமைன் நரம்பணுக்களில், பழகுவதோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி இல்லாத சுண்டெலியிலும் பலன் இல்லை. குடல், வேகஸ் நரம்பு, ஆக்ஸிடோசின், டோபமைன் என்று போகும் பாதை ஒவ்வொரு கண்ணியாக அறுத்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது.

2021இல் சிஎன்டிஎன்ஏபி2 மரபணு நீக்கிய சுண்டெலியில் இன்னும் நுட்பமான ஒரு பிரிப்பு கிடைத்தது. அந்தச் சுண்டெலிக்கு இரண்டு குறை: அளவுக்கு மீறிய துறுதுறுப்பு, பழகாமை. துறுதுறுப்பு மரபணுவோடு போகிறது, பழகாமை குடல் நுண்ணுயிரோடு போகிறது. 6475 கொடுத்தால் பழகாமை குறைகிறது, துறுதுறுப்பு அப்படியே நிற்கிறது. ரியூட்டரி கொடுத்தபோது உடலில் கூடிய டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற வேதிப்பொருளைத் தனியாகக் கொடுத்தாலும் அதே பலன் வந்தது.

ஆகவே வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது: பேய்லர் குழுவின் கையில் இந்தச் சரக்கு பழகும் தன்மைக்கு மட்டும் வேலை செய்தது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கோ, பதற்றத்துக்கோ, துறுதுறுப்புக்கோ இதை எடுத்து ஓர் ஆய்வை வடிவமைத்தால் கை வெறுமையாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். முற்றிலும் அப்படி என்றும் சொல்ல முடியாது. 2018இல் இஸ்ரேலியக் குழு ஒன்று ஷாங்க்3 நீக்கிய சுண்டெலிகளுக்கு ரியூட்டரி கொடுத்தபோது, பழகும் தன்மை ஆண் சுண்டெலியில் மட்டும் கூடியது, திரும்பச் செய்யும் நடத்தை ஆண் பெண் இரண்டிலும் குறைந்தது. அந்த வேறுபாட்டுக்காகவே இரு பாலினத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும்படி எண்ணிக்கை வைக்க வேண்டும். ஆண்களை மட்டும் வைத்துச் செய்து பொதுவாக எழுதுவது இங்கே செல்லாது.

இனி ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் முறை. ஆய்வுகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்காதீர்கள். அதில் இனிப்பூட்டி, எண்ணெய், வாசனைப் பொருள் எல்லாம் இருக்கும், இரண்டு ரகமும் கலந்திருக்கும். அதே பொருள்களைக் கொண்ட வெற்று மாத்திரை கையில் இல்லாமல் எந்த ஒப்பீடும் நிற்காது. தூய வளர்ப்பு வேண்டும். பிடிஏ என்ற முன்னெழுத்து காப்புரிமை வைப்பைக் குறிக்கிறது. எனவே கடைப் பட்டியலில் இருக்கும் சாதாரண ரகத்தைப் போல நினைத்து அட்டவணை போடாமல், ஒப்பந்தத் தாள்களுக்கு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

லாக்டோபேசில்லஸ் வளர்க்கப் பயன்படும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில், ஆக்ஸிஜன் இல்லாத அறையில் ஓர் இரவு வளர்த்தால் போதும். மையவிலக்கியில் சுழற்றி, பாஸ்பேட் உப்புநீரில் இரண்டு முறை கழுவுங்கள். கழுவாமல் விட்டால் ஊடகத்தில் உள்ள அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தே போகும், தண்ணீரின் சுவை மாறிச் சுண்டெலி குடிக்கும் அளவும் மாறும். பிறகு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உறைநிலையில் காக்கக் கிளிசரால் சேர்ப்பது வழக்கம், ஆனால் ரியூட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தப் பாக்டீரியா கிளிசராலை ரியூட்டரின் என்ற கிருமிக்கொல்லியாக மாற்றும். உருக்கிய குப்பியைக் கிளிசராலோடு மேசையில் நெடுநேரம் விட்டு, அப்படியே குடிநீரில் ஊற்றினால், நீங்கள் கொடுப்பது பாக்டீரியாவோடு சேர்த்து ஒரு கிருமிக்கொல்லியையும்தான். உருகியதும் குளிரிலேயே சுழற்றி, கிளிசராலைக் கழுவிவிட்டுக் கலக்க வேண்டும். ஒரு குப்பியை ஒரு முறைக்கு மேல் உருக்கக் கூடாது. எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவது உறையவைக்கும் முன் அல்ல, உருக்கிய பின்.

அளவு: ஒரு சுண்டெலிக்கு நாளொன்றுக்கு 10 கோடி, நான்கு வாரம். மூன்று வார வயதில், பால் மறக்கடித்ததும் தொடங்க வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வளர்ந்த சுண்டெலி நாளுக்குச் சுமார் 5 மி.லி. குடிக்கும். நான்கு சுண்டெலி உள்ள கூண்டுக்கு 20 மி.லி. அந்த 20 மி.லி.யில் 40 கோடி இருக்க வேண்டும், அதாவது மி.லி.க்கு 2 கோடி. புட்டி 250 மி.லி. கொள்ளும் என்பதால் 40 கோடியை முழுப் புட்டியில் கரைத்துவிட்டால் மி.லி.க்கு 16 லட்சம்தான் வரும். ஒரு சுண்டெலிக்குப் போவது 80 லட்சம், குறித்த அளவில் 8 விழுக்காடு. "6475 எங்களிடம் பலிக்கவில்லை" என்று எழுதும் முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். அடர்த்திதான் அளவைத் தீர்மானிக்கிறது. மீந்த தண்ணீர் வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்று வாரக் குட்டி இன்னும் குறைவாகக் குடிக்கும் என்பதால் புட்டியை நாள்தோறும் எடைபோட்டுக் குடித்த அளவைக் குறித்து வர வேண்டும்.

தண்ணீரும் சரியானதாக இருக்க வேண்டும். பல விலங்குக் கூடங்களில் குடிநீரில் குளோரின் சேர்க்கிறார்கள், சில இடங்களில் அமிலம் சேர்த்துக் காரகாடித்தன்மையை (pH) 2.5 முதல் 3 வரை இறக்குகிறார்கள். குளோரின் உங்கள் பாக்டீரியாவைப் புட்டியிலேயே கொன்றுவிடும். விலங்குக் கூடத்தின் பொறுப்பாளரிடம் முதலிலேயே கேட்டு, சூடேற்றிக் கிருமி நீக்கிய வெறும் தண்ணீரை இரண்டு குழுவுக்கும் பயன்படுத்துங்கள். பாக்டீரியா அடியில் படியும். குழாய் முனை கீழே இருப்பதால் முதலில் அடர்த்தியாகவும் பிறகு நீர்த்தும் போகும். காலை புதிதாக வைத்த புட்டியிலும் மறுநாள் எடுக்கும் புட்டியிலும் மாதிரி எடுத்துத் தட்டில் வளர்த்து எண்ணினால் நிலைமை தெரிந்துவிடும். துல்லியம் வேண்டுமென்றால் குழல் வழியே வயிற்றுக்குள் நேராகக் கொடுக்கலாம். ஆனால் நான்கு வாரம் தினமும் பிடித்துக் குழல் செலுத்துவது சுண்டெலிக்குப் பெரிய அழுத்தம், அழுத்தம் பழகும் நடத்தையைத்தான் முதலில் கெடுக்கும். இந்த ஆய்வுக்குப் புட்டிதான் மேல்.

ஒப்பீட்டுக் குழு ஒன்று போதாது. வெறும் உப்புநீர் ஒரு குழு, 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்துக் கொன்ற 6475 ஒரு குழு, 17938 ஒரு குழு. மூன்றும் இருந்தால்தான் பலன் இந்த ரகத்துடையது, அதுவும் உயிருள்ளதுடையது என்று சொல்ல முடியும். கொன்றதாக நினைப்பதைத் தட்டில் போட்டு ஒரு புள்ளியும் முளைக்கவில்லை என்று ஒவ்வொரு தொகுதிக்கும் உறுதிசெய்யுங்கள். இதில் ஒரு சுவையான முரண் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் சூசன் எர்ட்மன் குழு இதே 6475 ஆக்ஸிடோசின் வழியாகக் காயத்தை விரைவில் ஆற்றுகிறது என்று 2013இல் காட்டியது. அந்த வரிசை ஆய்வுகளில் பின்னர், உடைத்துச் சிதைத்த செத்த பாக்டீரியாவே ஆக்ஸிடோசினைக் கூட்டியது. பழகும் தன்மையில் செத்தது பலிக்கவில்லை, காயம் தொடர்பான ஆய்வில் செத்ததும் பலித்தது. கொல்லும் முறை வேறு, அளக்கும் பொருளும் வேறு. கொன்ற குழுவை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கொடுத்தது குடலில் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் கவனம் தேவை. சுண்டெலியின் இரைப்பையில் அதன் சொந்த ரியூட்டரி ரகங்கள் இயல்பாகவே குடியிருக்கும். இனத்தை மட்டும் அடையாளம் காட்டும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை, ஒன்றுமே கொடுக்காத சுண்டெலியிலும் "உண்டு" என்றுதான் சொல்லும். பாக்டீரியாக்களை ஒரு பொது மரபணுவை வைத்து இனம் காணும் 16எஸ் வரிசைமுறையும் ரகத்தைப் பிரிக்காது. 6475க்கே உரிய மரபுப் பகுதியைத் தேடும் பிசிஆர் வேண்டும்.

புழுக்கை தின்னும் பழக்கத்தை முன்பே சொன்னோம். பாக்டீரியா கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒரே கூண்டில் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தனிக் கூண்டு வைத்தால் ஒரே கூண்டில் உள்ள நான்கும் ஏறக்குறைய ஒரே குடலாகிவிடும். எனவே நான்கு சுண்டெலி உள்ள ஒரு கூண்டு என்பது புள்ளியியலில் நான்கு அல்ல, ஒன்றுக்கு நெருக்கம். தாய்க்குக் கொழுப்புத் தீவனமோ வால்புரோயேட்டோ கொடுத்து உண்டாக்கும் மாதிரிகளில் ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் ஒரே தாயின் பாதிப்பைச் சுமப்பவை. அங்கே எண்ண வேண்டியது தாய்களை. மூன்று தாயின் இருபது குட்டிகளை இருபது என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை அங்கேயே மூடிவிடலாம்.

அளக்கும் கருவி மூன்றறைப் பெட்டி. நடு அறையில் சுண்டெலியை விட்டு, ஒரு பக்க அறையில் கம்பிக் கிண்ணத்துக்குள் அறிமுகமில்லாத சுண்டெலி, மறு பக்கம் வெற்றுக் கிண்ணம். பத்து நிமிடத்தில் எதனருகே எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. அடுத்த பத்து நிமிடம் வெற்றுக் கிண்ணத்தில் இன்னொரு புதிய சுண்டெலி. பார்க்க எளிது, ஏமாற்றும் இடங்கள் பல. அறையில் இருந்த நேரத்தைவிடக் கிண்ணத்தை முகர்ந்த நேரம் நம்பகமானது, ஏனென்றால் சில சுண்டெலிகள் ஒரு மூலையில் வெறுமனே குந்தியிருக்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் சுண்டெலியை முன்னதாகச் சில நாள் அதில் இருத்திப் பழக்காவிட்டால் அது பதறும், பதறுவதன் வாசனை மற்றதை விரட்டும். துடைத்த ஆல்கஹால் முழுதும் காயும் முன் அடுத்ததை விடக் கூடாது. இடமும் வலமும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. துறுதுறுப்பான சுண்டெலி எல்லாக் கிண்ணத்தையும் அதிகமாகத் தொடும் என்பதால், நடந்த தூரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யாமல் பழகும் தன்மை கூடியது என்று சொல்ல வேண்டாம்.

சுண்டெலியை வாங்கும் இடமே முடிவை மாற்றும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாயின் நோயெதிர்ப்பைத் தூண்டிக் குட்டியின் நடத்தையை மாற்றும் மாதிரியில், டகானிக் நிறுவனச் சுண்டெலியில் பாதிப்பு வருகிறது, ஜாக்சன் கூடத்துச் சுண்டெலியில் வருவதில்லை. 2017இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது: டகானிக் சுண்டெலிகளின் குடலில் குடற்சுவரில் ஒட்டி வாழும் இழைப் பாக்டீரியா ஒன்று உண்டு, அது நோயெதிர்ப்பு அணுக்களைத் தயார்நிலையில் வைக்கிறது. ஜாக்சன் சுண்டெலியில் அது இல்லை. அந்த மாதிரியில் 6475ஐச் சோதிக்க எண்ணினால், முதல் வேலை தாய்களின் மலத்தில் அந்த இழைப் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பது. தூண்டப் பயன்படும் பாலி ஐசி என்ற பொருளும் தொகுதிக்குத் தொகுதி மூலக்கூறு நீளம் மாறுபடுவது. ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டிச் சரக்குகளை இதனோடு ஒப்பிட்டால் 6475இன் இடம் தெளிவாகும்.

பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல் பாக்டீரியா இதற்கு மூத்தது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சர்கிஸ் மஸ்மேனியன், பால் பேட்டர்சன், எலைன் ஷாவ் குழு 2013இல் செய்தது. மேலே சொன்ன நோயெதிர்ப்பு மாதிரியில் பிறந்து பால் மறந்த குட்டிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாக ஆறு நாள், 1,000 கோடி பாக்டீரியாவை இனிப்பில்லாத ஆப்பிள் கூழில் கலந்து தீவனத்தின்மேல் தடவிக் கொடுத்தார்கள். குடற்சுவரின் கசிவு குறைந்தது, பதற்றமும் கோலிக்குண்டுகளைப் புதைத்துக்கொண்டே இருக்கும் நடத்தையும் குறைந்தன, ஒலியெழுப்பிப் பேசுவது கூடியது. பழகும் தன்மை மட்டும் மீளவில்லை. 6475 விட்ட இடத்தை இது பிடிக்கிறது, இது விட்ட இடத்தை 6475 பிடிக்கிறது. ஆனால் இது ஆக்ஸிஜன் உள்ள காற்றில் வளராத உயிரி. தினமும் புதிதாக வளர்க்க வசதியில்லாத கூடங்கள் தொடாமலிருப்பது நல்லது.

அந்த ஆய்வில் 4-எத்தில்ஃபினைல் சல்பேட் என்ற பாக்டீரியாக் கழிவு நோய்மாதிரிச் சுண்டெலியின் இரத்தத்தில் 46 மடங்கு கூடியிருந்தது. அதைக் குடலிலேயே உறிஞ்சிப் பிடிக்கும் ஏபி-2004 என்ற வாய்வழி மருந்து அதிலிருந்து பிறந்தது. 2022இல் பதின்வயதினர் 30 பேரிடம் நடந்த முதல் சோதனையில் பதற்றமும் எரிச்சலும் குறைந்ததாக வந்தது. எல்லோரும் மருந்தே எடுத்தார்கள், ஒப்பிட வெற்று மருந்துக் குழு இல்லை.

ஒருவரின் மலத்தை இன்னொருவரின் குடலுக்குள் செலுத்தும் மலமாற்று முறை ஆய்வுக்கூடங்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. 2019இல் ஆட்டிசம் உள்ளவர்களின் மலத்தை நுண்ணுயிரற்ற சுண்டெலிகளுக்கு மாற்றி, குட்டிகளில் ஆட்டிசம் போன்ற நடத்தை வந்ததாக ஒரு தாள் வந்தது. மலம் கொடுத்தவர்கள் சிலரே, சுண்டெலிகள் பல. ஒருவரின் மலம் பெற்ற பல சுண்டெலிகளைத் தனித்தனியாக எண்ணியதைப் புள்ளியியலாளர்கள் வெளிப்படையாகக் குறைகூறினார்கள், அந்தக் குறை நியாயமானது. 2020இல் வந்த ஒரு திறனாய்வு, மனித மலத்தை எலியினத்துக்கு மாற்றிய 38 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. 36இல் நோய்த்தன்மை கைமாறியதாக எழுதப்பட்டிருந்தது. வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு கூடங்கள், எல்லாவற்றிலும் இவ்வளவு வெற்றி இருக்க முடியாது. 6475 வாங்குவதில் உள்ள பெரிய நிம்மதி, உள்ளே போவது ஒரே ஒரு உயிரி, அதன் மரபணு வரிசை தெரியும், அளவு தெரியும்.

இப்போது பெற்றோரின் பக்கம். மனிதரில் 6475க்கு உள்ள நேரான சான்று 2024இல் வந்த இத்தாலியச் சோதனை. ஆட்டிசம் உள்ள 43 பிள்ளைகள், 6475உம் 17938உம் சேர்ந்த மாத்திரை ஒரு பக்கம், வெற்று மாத்திரை மறுபக்கம், யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. பழகும் தன்மை அளவீடுகளில் முன்னேற்றம் இருந்தது. ஆட்டிசத்தின் ஒட்டுமொத்தத் தீவிரம் மாறவில்லை. திரும்பத் திரும்பச் செய்வது மாறவில்லை. குடல் நுண்ணுயிர்க் கலவையும் மாறவில்லை. சுண்டெலியில் கண்ட வடிவமே மனிதரிலும் லேசாகத் தெரிவது ஊக்கம் தருகிறது. அதே தாளில் இரண்டு ரகத்தையும் தனித்தனியாகச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது 6475 பலித்தது, 17938 பலிக்கவில்லை. 43 பேர் என்பது சிறு எண்ணிக்கை. இதை வைத்து ஒரு பிள்ளைக்கு மருந்து எழுத முடியாது.

அளவையும் ஒரு முறை ஒப்பிடுங்கள். 25 கிராம் சுண்டெலிக்கு 10 கோடி என்றால் கிலோவுக்கு 400 கோடி. மருந்துகளுக்குப் போடும் உடற்பரப்புக் கணக்கில் 20 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய 960 கோடி வரும். காஸ்ட்ரஸ் மாத்திரை ஒன்றில் 6475 சுமார் 10 கோடி. உயிருள்ள பாக்டீரியா கரையும் மருந்தைப் போல நடந்துகொள்ளாது என்பதால் இந்தக் கணக்கை வைத்து யாரும் மாத்திரையைக் கூட்டக் கூடாது. சுண்டெலிக்குக் கொடுத்ததும் டப்பாவில் இருப்பதும் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று காட்ட மட்டும்தான் இது. வயதின் தூரமும் உண்டு: சுண்டெலியில் பால் மறந்த நாளில் தொடங்கியதற்குத்தான் இத்தனை சான்றும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்தபோது, ஆட்டிசத்துக்கும் குடல் நுண்ணுயிருக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பமாகவே இருந்தது. சில உணவுகளை மட்டும் தின்னும் பழக்கத்தால் உணவு வகை குறைகிறது, அதனால் நுண்ணுயிர் வகையும் குறைகிறது என்பதே அங்கே தெரிந்த வரிசை. தயிர்சாதமும் அப்பளமும் தவிர எதையும் தொடாத பிள்ளையின் மலப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, "இந்தப் பாக்டீரியா குறைந்ததால்தான் ஆட்டிசம்" என்று யாராவது பொட்டலம் விற்றால், அவர் வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்.

பெரும்பாலான ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை தீங்கு செய்வதில்லை, இத்தாலியச் சோதனையிலும் நன்றாகத் தாங்கினார்கள். நோயெதிர்ப்பு குன்றியவர்கள், இரத்தக் குழாயில் குழல் பொருத்தியவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு எந்த உயிருள்ள புரோபயாடிக்கும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. குறைமாதக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் தனியாகவே எச்சரித்தது. 6475 ஹிஸ்டிடினிலிருந்து ஹிஸ்டமின் உண்டாக்கும் ரகம், ஹிஸ்டமின் ஒவ்வாத பிள்ளை என்று தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலமாற்று முறையை வீட்டில் முயல்வதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். 2019இல் சோதனைக்குட்பட்ட மலமாற்றில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா புகுந்து அமெரிக்காவில் ஒருவர் இறந்தார், அது மருத்துவ ஆய்வுக்குள்ளேயே நடந்தது.

மருத்துவரின் ஒப்புதலோடு எப்படியும் ஒரு முறை பார்ப்பது என்று முடிவு செய்பவர்கள், பேச்சுப் பயிற்சியையோ நடத்தைப் பயிற்சியையோ நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். அதே மாதத்தில் வேறு உணவு மாற்றமோ புது மருந்தோ தொடங்காதீர்கள், எது எதனால் என்று பிறகு பிரிக்க முடியாது. டப்பாவில் 6475 இருக்க வேண்டும். பாக்டீரியா எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள், இரண்டாவதே பயன்படும். வெந்நீரிலோ சூடான பாலிலோ கலக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டியில் ஒரு மதியம் கிடந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கூடத்தில் 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து வேண்டுமென்றே கொல்கிறோம், பூட்டிய வண்டியின் சூடு அந்த வேலையை மெதுவாகச் செய்யும்.